ஆழமான பக்கம்

முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும்.
பாடாங் செராயில் நாலு மணிக்கு மழை பெய்து விட்டால்
ஐந்தரைக்கு நாங்கள் வந்துவிடுவோம்,
பால் வாளி மூன்று, பெயிண்ட் டின் ஒன்று,
வெய் கியாட் வீட்டுத் துடைப்பம்.
துரை பங்களா நீச்சல் குளத்தில்
முழங்கால் அளவு பச்சைத் தண்ணீர்.
அதில் செம்பனை ஓலை, ஒரு தவளைக் குடும்பம்,
போன வாரம் நான் தொலைத்த நட்டு.

அலை ஓய்ந்த நாளில்
அலைமேல் ஏறுகிற பையன்கள்
பொழுது போகாமல் பலகைக்கு அடியில் சக்கரம் அடித்தார்களாம்,
கலிபோர்னியாவில்.
சர்வின் சொல்வான். அவனுக்கு எல்லாம் தெரியும்,
ஓலி மட்டும் வராது.
முதலில் இரும்புச் சக்கரம். பல் ஆடும்.
பிறகு களிமண். பயறு அளவு கல் போதும்,
பலகை நின்றுவிடும்,
ஆள் போய்க்கொண்டே இருப்பான்.
பிறகு யுரேத்தேன்.
அதற்கப்புறம்தான் பாதத்துக்குத் தரை என்ன சொல்கிறது என்று கேட்டது.

ரப்பர் இல்லையா, என்றேன்.
இல்லை.
நாலு தலைமுறையாகப் பால் வெட்டிய ஊர்.
சக்கரத்தில் ஒரு சொட்டு நம்முடையது கிடையாது.
பழைய அச்சுக்கு நடுவில் மட்டும்
கட்டைவிரல் பருமன் ரப்பர் வைத்திருந்தார்களாம்,
திரும்பும்போது நெளிந்து கொடுக்க.
சரிதான்.
எந்த வேலைக்கு எதை வைப்பது என்று
அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அங்கே ஒரு வருடம் வானம் பொய்த்தது.
வீட்டுக்கு வீடு குளங்கள் வற்றின.
பையன்கள் வேலி ஏறிக் குதித்தார்கள்.
இங்கே வானம் எப்போது பொய்த்தது?
கம்பெனிதான் பொய்த்தது.
கடைசி மேனேஜர் பங்களாவைப் பூட்டிச் சாவியைக் கிராணியிடம் கொடுத்தார்.
சாவி இன்னும் இருக்கிறது.
சுவர்தான் இல்லை.

குளம் அவரைவிதை வடிவம்.
ஏதோ ஒரு துரைக்கு அமெரிக்கப் பத்திரிகைமேல் ஆசை.
என் பெரியப்பா இதற்குக் குளோரின் போட்டவர்,
பதினோரு வருடம்,
கால் நனைக்காமல்.

என் பலகை சுங்கைப் பட்டாணி பண்டல் கடையில் வாங்கியது.
ஜப்பான் மூட்டை,
குளிர்கோட்டுகளுக்கு நடுவில் செருகியிருந்தது.
பதினெட்டு வெள்ளி.
அடியில் மார்க்கரால் எவனோ எழுதிய பெயர்,
வாசிக்கத் தெரியவில்லை.
கீறல்களை வாசிக்க முடிகிறது.
இடது ஓரம்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது.
நானும் இடது பக்கமாகத்தான் விழுகிறேன்.

பேங்க் படிக்கட்டில் விரட்டினார்கள்.
தாமான் பூங்காவில் நேப்பாளி காவலர் விசில் ஊதினார்,
பிறகு அவரே ஒரு தடவை ஏறிப் பார்த்தார்,
பிறகு மறுபடி ஊதினார்.
கோவில் மண்டபத்துப் பளிங்கில் தர்மகர்த்தா விரட்டியது
நியாயம்.

ஓலி என்பது
கையால் தொடாமல் பலகையோடு எழும்புவது.
பின்முனையைத் தட்டி, முன்காலை இழுத்து,
நடுவில் ஒரு நொடி எதுவும் உன்னைப் பிடிக்காது.
ஹாபிஸ் அதை அலட்சியமாகச் செய்வான்,
ரோத்தி வீசுகிற மாதிரி.
எனக்கு ஏழு மாதமாயிற்று.
கையுறை ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து
விரலிடுக்கில் வெள்ளைத் தூளோடு வந்து
ஏழு மாதம்.

ஒலிம்பிக்கில் பதின்மூன்று வயதுப் பெண் தங்கம் வாங்கினாள்.
போனில் அம்மாவுக்குக் காட்டினேன்.
இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்:
தண்ணியை இறைச்சது யாரு?

இன்று சேறு மட்டும்தான் மிச்சம்.
துடைப்பம் போட்டாயிற்று. தவளைகளை
வாளியோடு ஓடையில் விட்டாயிற்று.
ஓட்டில் நீல எழுத்தில் இன்னும் இருக்கிறது: எட்டு அடி.
அதற்கு மேலே, விளிம்பில்,
பின்காலால் வாலை மிதித்து நிற்கிறேன்.
முன்சக்கரம் இரண்டும் காற்றில்.
பார்க்காதே, சாய், என்கிறான் வெய் கியாட்.
சாய்ந்தால்தான் நிற்க முடியும்
என்பதை உடம்பு நம்ப மறுக்கிறது.

கூலிம் பக்கம் இடி.
ஹாபிஸ் அண்ணாந்து பார்த்துவிட்டு
வாளியைத் தேடுகிறான்.

முன்காலை வைக்கிறேன்.